சக்கரம் மேலே போய் நின்றபின் பம்ப் தானாக மறுபடி மறுபடி ஓடுகிறது (வீட்டில் கட்டும் விமானம்)

பந்திஹால்_பைலட், கானாடுகாத்தான்
சனி, காலை 6.50

எல்லோருக்கும் வணக்கம். டிராக்டர், மில், போர்வெல் என்று பேசும் இடத்தில் விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஹைட்ராலிக்ஸில் கை அழுக்கானவர்கள் இங்கேதான் இருக்கிறீர்கள்.

என் அண்ணன் 1990களில் அமெரிக்காவில் இருந்தபோது வாங்கிய இரண்டு இருக்கை கிட் விமானம் இது. கண்ணாடி இழை உடம்பு, மூன்று சக்கரமும் உள்ளே மடங்கும். பாதி கட்டியதோடு அவருக்கு வேலை, குடும்பம் என்று ஆகிவிட்டது. பெட்டிகள் கப்பலில் வந்து எங்கள் பழைய வீட்டில் பல வருஷம் கிடந்தன. ஓய்வு பெற்றபின் நான் கையில் எடுத்தேன். வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பின்பக்கத்துப் போஜன ஹாலில், கல்யாணத்துக்குப் பந்தி போட்ட இடத்தில், இப்போது விமானம் நிற்கிறது. இறக்கையின் நடுப்பகுதி மட்டும் மாட்டியிருக்கிறது. பறப்பது, பதிவு, டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) காகிதம் எல்லாம் தனிக் கதை. அதை யாரும் கேட்காதீர்கள், எனக்கே பதில் தெரியாது.

சிக்கல் இதுதான். 12 வோல்ட் மோட்டார், அதோடு சேர்ந்த இருபக்கமும் சுற்றும் கியர் பம்ப், மேலேயே சின்ன எண்ணெய்த் தொட்டி. ஒரு பக்கம் சுற்றினால் சக்கரம் ஏறும், மறுபக்கம் சுற்றினால் இறங்கும். ஏறும் பக்கம் பிரஷர் 1100 பி.எஸ்.ஐ. வந்ததும் பிரஷர் சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். மேலே போன கால்களை, அதாவது சக்கரம் மாட்டிய தண்டுகளை, பிடித்து நிறுத்தப் பூட்டு கிடையாது, உள்ளே அடைபட்ட பிரஷர்தான் பிடித்திருக்கிறது.

சென்ற மாதம் வரை ஏற்றி நிறுத்தினால் பத்து, பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பம்ப் 'உர்' என்று ஒரு நொடி ஓடி நிற்கும். இப்போது 38 நொடிக்கு ஒருமுறை. கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டேன். வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை. தொட்டியில் எண்ணெய் குறையவில்லை. எதையும் நான் கழற்றவும் இல்லை.

இன்னொன்று, இடது சக்கரம் எப்போதும் கடைசியாகத்தான் ஏறுகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

மூன்று வாரத்தில் வீட்டில் படைப்பு, முன்னோருக்குப் படையல். பங்காளிகள் எல்லோரும் வருவார்கள். அதற்குள் ஹாலைக் காலி செய்யச் சொல்லி எங்கள் ஆச்சி உத்தரவு. கால்கள் சரியாக இருந்தால்தான் உருட்டி வெளியே எடுக்க முடியும்.


தேவகோட்டை_டிராக்டர்
சனி, காலை 7.35

அண்ணே, முதலில் பேட்டரியைப் பாருங்கள். வோல்டேஜ் இறங்கினால் ரிலே ஆடும். டிராக்டர் செல்ஃபில் இதே கூத்துதான் நடக்கும்.

இடது சக்கரம் லேட்டாவது அந்தப் பக்கம் சிலிண்டர் போனதால் இருக்கும். சீல் கிட் வாங்கி மாற்றிவிடுங்கள்.


ஈப்போ_மாப்பிள்ளை
சனி, காலை 8.02

அண்ணே, எதற்கு இந்த மடங்குகிற வம்பு? நிலைச்சக்கரம் போட்டுவிடுங்கள். வான்ஸ் ஆர்.வி. வரிசை விமானங்கள் எத்தனை ஆயிரம் பறக்கின்றன, எல்லாம் நிலைச்சக்கரம்தான். ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈ.இஸட். விமானத்தில் முன் சக்கரம் மட்டும் மடங்கும், அதுவும் கையால் சுற்றுகிற கைப்பிடி. எண்ணெயும் இல்லை, பம்பும் இல்லை.


பந்திஹால்_பைலட்
சனி, காலை 8.20

மாப்பிள்ளை, இறக்கையிலேயே சக்கரத்துக்குக் குழி வார்த்து, கதவும் வார்த்து வந்திருக்கிறது. அதை அடைத்தால் அண்ணன் என்னை அடைத்துவிடுவார்.

தம்பி, பேட்டரி டிராக்டர் பேட்டரிதான், புதுசு. பம்ப் ஓடும்போது 11.6 காட்டுகிறது.


கோவை_பவர்பேக்
சனி, காலை 10.45

நான் பவர்பேக் (மோட்டார், பம்ப், தொட்டி சேர்ந்த தொகுதி) கட்டும் பட்டறையில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். விமானம் தொட்டதில்லை, ஆனால் எண்ணெய்க்குத் தான் எதில் ஓடுகிறோம் என்று தெரியாது. ஐயா, எதையும் மாற்றாதீர்கள். 'கிட் வாங்கி மாற்று' என்று ஆரம்பித்தால் மூன்று சிலிண்டரையும் பிரித்து, பிரித்த இடத்தில் புதிதாக ஒரு கசிவு சேர்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

இடது சக்கரம் கடைசியில் ஏறுவது குற்றமே இல்லை. ஒரே குழாயிலிருந்து மூன்று சிலிண்டருக்கு எண்ணெய் பிரிகிறது. எது லேசாக இருக்கிறதோ அது முதலில் நகரும், அது முட்டி நின்றபின் அடுத்தது. இடதுபக்கக் கீல் கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலே போதும். தினமும் ஒரே வரிசையில் ஏறுகிறதா? அப்படியென்றால் விட்டுவிடுங்கள். வரிசை மாறினால் சொல்லுங்கள்.

அடுத்தது பம்ப். பம்ப் மறுபடி ஓடுவதற்கு இரண்டே காரணம். ஒன்று, பிரஷர் நிஜமாகவே இறங்குகிறது. இல்லை, பிரஷர் அப்படியே இருக்க, சுவிட்சுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. இதைக் காதால் பிரிக்க முடியாது. ஏறும் லைனில் ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு, பிரஷர் காட்டும் கேஜ் மாட்டுங்கள். 0 முதல் 2000 பி.எஸ்.ஐ. வரை இருந்தால் போதும். முள்ளைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

லைனைக் கழற்றும் முன் கால்களை இறக்கி, இறங்கிய நிலைக்கான பூட்டு விழுந்ததைப் பார்த்து, பிரஷரை விட்டுவிடுங்கள். ஏறிய நிலையில் நட்டைத் தளர்த்தினால் கால் உங்கள் கை மேல் விழும்.


ஹேங்கர்_தம்பி, பெங்களூர்
சனி, பகல் 1.10

பள்ளத்தூர்க்காரன் நான், பெங்களூரில் விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். கோவை அக்கா சொன்னதைத்தான் நானும் எழுத வந்தேன். இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

கசிவு தேடும்போது விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசிமுனைத் துளையில் இந்தப் பிரஷரில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். மேலே எறும்பு கடித்த மாதிரி இருக்கும், இரண்டு நாளில் விரல் போகும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

ஜாக் எதன் மேல் நிற்கிறது? தரை ஆத்தங்குடிக் கல் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. அது சிமெண்டும் மணலும் கலந்து கண்ணாடி மேல் வார்த்த கல். மூன்று புள்ளியில் முழுப் பாரம் உட்கார்ந்தால் விண்டுபோகும். ஒரு ஜாக் அரை அங்குலம் இறங்கினால் மற்ற இரண்டிலிருந்தும் விமானம் நழுவும்.


பந்திஹால்_பைலட்
சனி, பகல் 2.00

தம்பி, ஒரு கல் ஏற்கெனவே விண்டுவிட்டது. ஆச்சிக்குத் தெரியாது, மேலே பாய் போட்டிருக்கிறேன். இப்போது பழைய பர்மா தேக்குப் பலகை, ஒன்றரை அங்குலக் கனம், ஒவ்வொரு ஜாக்குக்கும் இரண்டு குறுக்கே வைத்திருக்கிறேன்.

கேஜ் காரைக்குடியில் வாங்க வேண்டும். சாயங்காலம் போகிறேன்.


புதுவயல்_மில்
சனி, பகல் 2.25

பர்மா தேக்கில் ஜாக் வைக்கிற ஊர் உலகத்தில் இது ஒன்றுதான்.

செட்டிநாட்டுப் பக்கம் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் சும்மாதானே கிடக்கிறது அண்ணே? ஒருநாள் அங்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கலாமே.


பந்திஹால்_பைலட்
சனி, பகல் 2.40

அது நம் வயல் இல்லை. அனுமதி இல்லாமல் சைக்கிள்கூட ஓட்டக் கூடாது. ஜூபிடர் ஏர்வேஸ் என்று விமானக் கம்பெனியே நடத்திய அழகப்பச் செட்டியாரின் மண்ணில், நான் திருட்டுத்தனமாக ஓட்டிப் பிடிபட்டால் நன்றாகவா இருக்கும்?


பந்திஹால்_பைலட்
ஞாயிறு, காலை 9.15

கேஜ் மாட்டிவிட்டேன். முள் 1100இல் நிற்கிறது, பம்ப் நிற்கிறது. உடனே முள் இறங்க ஆரம்பிக்கிறது. தயக்கமே இல்லாமல், மணிமுள் மாதிரி ஒரே வேகத்தில். 850 வந்ததும் பம்ப் ஓடி மறுபடி 1100. இறங்க 38 நொடி. ஆக, சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்கிறது, பிரஷர்தான் போகிறது. ஆனால் எங்கே? அட்டை வைத்து எல்லா மூட்டையும் பார்த்துவிட்டேன். காய்ந்து கிடக்கிறது.


கோவை_பவர்பேக்
ஞாயிறு, காலை 11.30

நல்ல வேலை. வெளியே எண்ணெய் இல்லை, தொட்டியில் குறையவில்லை என்றால் கசிவு உள்ளேயே நடக்கிறது. ஏறும் பக்கத்திலிருந்து இறங்கும் பக்கத்துக்கோ தொட்டிக்கோ எண்ணெய் பாஸ் ஆகிறது.

எவ்வளவு கசிகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், பயம் தெளியும். எண்ணெய் சுருங்காது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னது முக்கால் உண்மை. 1000 பி.எஸ்.ஐ.யில் சுமார் அரை சதவீதம் சுருங்கும். உங்கள் ஏறும் பக்கத்தில் குழாய், சிலிண்டர் எல்லாம் சேர்த்து 250 மி.லி. இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1100இலிருந்து 850க்கு இறங்க, அதிலிருந்து 0.3 மி.லி. வெளியேறினால் போதும். ஹோஸ் கொஞ்சம் உப்பிச் சுருங்குவதையும் சேர்த்தால் இன்னும் சிறிது கூடும். அதாவது 38 நொடியில் ஆறேழு சொட்டு. அவ்வளவுதான் உங்கள் பேய்.

இந்த ஆறு சொட்டு நான்கு இடத்தில்தான் போக முடியும்: பவர்பேக்கின் செக் வால்வு (ஒருவழி வால்வு), சிலிண்டரின் பிஸ்டன் சீல் (மூன்றில் ஏதோ ஒன்று), பேக்கிலேயே இருக்கும் வெப்ப ரிலீஃப் வால்வு, அவசரத்துக்குச் சக்கரம் இறக்கும் டம்ப் வால்வு. உங்களிடம் டம்ப் வால்வு இருக்கிறதா?

டம்மி (வாயை அடைக்கும் மூடி) போட்டு ஒவ்வொன்றாக வெட்டுங்கள். பம்புக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து வெளியே போங்கள். பவர்பேக்கின் இரண்டு வாயிலிலும் டம்மி, ஏறும் பக்க டம்மிக்கு முன் கேஜ். ஓட விடுங்கள். முள் நின்றால் பேக் நிரபராதி.


தேவகோட்டை_டிராக்டர்
ஞாயிறு, பகல் 12.10

காற்று இருந்தாலும் பிரஷர் இறங்குமே அக்கா? ப்ளீட் செய்து காற்றை வெளியேற்றினால் சரியாகாதா?


கோவை_பவர்பேக்
ஞாயிறு, பகல் 12.40

காற்று இருந்தால் பஞ்சு மாதிரி இருக்கும், பம்ப் அதிக நேரம் ஓடித்தான் 1100ஐ எட்டும். முதல் இரண்டு தடவை கொஞ்சம் இறங்கி, அப்புறம் நின்றுவிடும். ஒரே வேகத்தில் ஓயாமல் இறங்குவது காற்று இல்லை, ஓட்டை.


பந்திஹால்_பைலட்
ஞாயிறு, இரவு 8.50

டம்ப் வால்வு இருக்கிறது. இருக்கைக்கு நடுவில் சிவப்புப் பிடி. திறந்தால் ஏறும் லைனும் இறங்கும் லைனும் ஒன்றாகிவிடும், கால்கள் தம் எடையில் விழும். முன் காலுக்கு மட்டும் கூடவே ஒரு கேஸ் ஸ்டிரட் (வாயு அடைத்த தண்டு) உண்டு.

பேக்கில் டம்மி போட்டேன். 1100 ஏறியது. 20 நிமிஷம் கழித்து 1080. பேக் நிரபராதி.

அப்புறம் டம்மியை எடுத்து லைனைச் சேர்த்து, மூன்று சிலிண்டர் வாயிலிலும் டம்மி போட்டேன். இங்கேதான் எனக்குத் தலை சுற்றுகிறது. கசிவு நிற்கும் அல்லது குறையும் என்று பார்த்தால், இப்போது 11 நொடியில் 850க்கு வந்துவிடுகிறது. முன்பைவிட மோசம். சிலிண்டரைக் கழற்றும்போது எதையோ கெடுத்துவிட்டேனா?


கோவை_பவர்பேக்
ஞாயிறு, இரவு 9.20

எதையும் கெடுக்கவில்லை ஐயா. கண்டுபிடித்துவிட்டீர்கள், நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

ஓட்டை அதே ஓட்டைதான், குடம் சின்னதாகிவிட்டது. மூன்று சிலிண்டரில் இருந்த எண்ணெயை வெட்டிவிட்டீர்கள். மிச்சம் குழாயில் இருப்பது மட்டும். குறைந்த எண்ணெயில் அதே அளவு கசிந்தால் முள் வேகமாக இறங்கத்தான் செய்யும். பேக்கைத் தனியாகச் சோதித்தபோது அளவு இன்னும் சின்னது, அப்படியிருந்தும் 20 நிமிஷம் நின்றது. அதனால் அந்தச் செக் வால்வும் ரிலீஃபும் தங்கம்.

சிலிண்டர் மூன்றும் வெளியே, கசிவு உள்ளே. மிச்சம் இருப்பது குழாய், டீ, டம்ப் வால்வு. குழாய் காய்ந்து கிடக்கிறது என்கிறீர்கள். டம்ப் வால்வில் இறங்கும் லைன் சேரும் நட்டைக் கழற்றுங்கள், லைனின் முனைக்கு டம்மி, வால்வின் வாயைத் திறந்து விட்டு அடியில் ஒரு டம்ளர். ஏறும் பக்கம் பிரஷர் கொடுங்கள். சொட்டினால் ஆள் அகப்பட்டான்.


ஹேங்கர்_தம்பி
ஞாயிறு, இரவு 10.05

ஐயா, ஒரு கேள்வி. தவறாக நினைக்க வேண்டாம். 'எதையும் கழற்றவில்லை' என்று முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள். டம்ப் வால்வைக்கூடவா? ஹேங்கரில் கோளாறு வந்தால் முதலில் லாக் புத்தகத்தைத்தான் திறப்போம், கடைசியாக அங்கே கை வைத்தது யார் என்று பார்க்க.


பந்திஹால்_பைலட்
திங்கள், காலை 6.15

சொட்டுகிறது. டம்ளரில் ஐந்து நொடிக்கு ஒரு சொட்டு போல.

தம்பி, பிடித்துவிட்டாய். ராத்திரி தூக்கம் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து வாரம் முன்னால் கோலாலம்பூரிலிருந்து அண்ணன் பேரன் வந்திருந்தான். 'கரண்ட் இல்லாவிட்டால் சக்கரம் எப்படி இறங்கும்?' என்று கேட்டான். சிவப்புப் பிடியைத் திறந்து காட்டினேன். 'தட், தட், தட்' என்று மூன்று காலும் விழுந்தது. அவனுக்கு ஒரே சந்தோஷம். ஒரு சாயங்காலத்தில் முப்பது தடவையாவது காட்டியிருப்பேன். மறுநாள் பார்த்தால் அந்த வால்வின் தண்டு வழியாக ஒரு சொட்டுக் கசிந்து தரையில் சிவப்பாக இருந்தது. ஆச்சி பார்க்கும் முன் துடைத்துவிட்டு, வால்வைப் பிரித்து, தண்டில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரண்டு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மாற்றினேன். தண்டுக் கசிவு உடனே நின்றுவிட்டது. சின்ன வேலை என்பதால் கழற்றிய கணக்கிலேயே அதைச் சேர்க்கவில்லை. பம்ப் அடிக்கடி ஓட ஆரம்பித்ததும் அதற்கு அப்புறம்தான் என்று இப்போது தோன்றுகிறது.


ஹேங்கர்_தம்பி
திங்கள், காலை 7.00

ஐயா, அந்த ஓ-ரிங் எங்கே வாங்கியது? எந்த ரப்பர்? எண்ணெய் என்ன?


பந்திஹால்_பைலட்
திங்கள், காலை 7.20

எண்ணெய் அண்ணன் அனுப்பிய சிவப்பு 5606. வேறு எதுவும் ஊற்றவில்லை. ஓ-ரிங் கறுப்பு. தேவகோட்டையில் தெரிந்த பட்டறையில் கேட்டேன், அளவு பார்த்து ஒரு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள், காசுகூட வாங்கவில்லை.


தேவகோட்டை_டிராக்டர்
திங்கள், காலை 7.50

அண்ணே... அது நான்தான்.

வெள்ளைச் சட்டை, பழைய அம்பாசடர், சரியா? நீங்கள் 'எண்ணெய் வால்வுக்கு' என்று மட்டும் சொன்னீர்கள். நான் கார் பிரேக் சீல் டப்பாவில் இருந்து எடுத்துக் கொடுத்தேன்.


ஹேங்கர்_தம்பி
திங்கள், காலை 8.30

அதுதான் விஷயம். இனி யாரும் இந்தத் தப்பைச் செய்யாமல் இருக்கக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

5606 கனிம எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து வருவது. அதற்கு நைட்ரைல் ரப்பர் வேண்டும். கார் பிரேக் எண்ணெய், அதாவது டாட்-3, டாட்-4, கிளைக்கால் வகை. அதற்குப் பொதுவாக ஈ.பி.டி.எம். ரப்பர். இரண்டு ரப்பரும் கறுப்பு, இரண்டும் கைக்கு ஒரே மாதிரி. ஆனால் ஈ.பி.டி.எம்.மைக் கனிம எண்ணெயில் போட்டால் உளுந்து ஊறுவது போல ஊறும். உப்பும், மெத்தென்று ஆகும், பிய்யும். மாற்றிப் போட்டாலும் விபரீதம்தான், பிரேக் எண்ணெயில் நைட்ரைல் கெட்டுப்போகும். பெரிய ஜெட் விமானங்களில் வரும் ஊதா நிற ஸ்கைட்ரால் மூன்றாவது வகை, பாஸ்பேட் எஸ்டர். அதற்கு ஈ.பி.டி.எம். சரி, நைட்ரைல் ஆகாது. 'ஹைட்ராலிக் எண்ணெய்' என்று பொதுவாகச் சொல்லி ரப்பர் வாங்கவே கூடாது.

ஐயா ஏமாந்த இடம் எது என்றால், தண்டுக் கசிவு உடனே நின்றதுதான். புது வளையம் போட்டதால் நின்றது, அப்புறம் ரப்பர் உப்பி இன்னும் இறுக்கிக்கொண்டது. தண்டில் அது சும்மா உட்கார்ந்திருக்கும். உள்ளே இருக்கும் வளையம் அப்படியில்லை, வால்வைத் திறக்கும்போதெல்லாம் துளையின் விளிம்பைத் தாண்டி நகர வேண்டும். உப்பிய ரப்பர் பள்ளத்தில் அடங்காமல் வெளியே துருத்தும், விளிம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்கும். கடித்த இடம் வழியாக எண்ணெய் பாஸ் ஆகும். அதனால்தான் ஒரே நாளில் வராமல் வாரக்கணக்கில், 10 நிமிஷமாக இருந்தது 38 நொடியாகக் குறைந்தது.


தேவகோட்டை_டிராக்டர்
திங்கள், காலை 8.45

பவர் ஸ்டியரிங் டப்பா பக்கத்திலேயே இருந்தது அண்ணே. அதில் எடுத்திருந்தால் நைட்ரைல். மன்னித்துவிடுங்கள்.


பந்திஹால்_பைலட்
திங்கள், மாலை 5.30

விடு தம்பி, கேட்ட நான்தான் சரியாகக் கேட்கவில்லை.

வால்வைப் பிரித்துவிட்டேன். தம்பி சொன்னது அச்சு அசல். உள்வளையத்தில் ஒரு பக்கம் எலி கடித்த மாதிரி. வெர்னியரில் ரப்பர்க் கனம் 2.2 மி.மீ. காட்டுகிறது, பிளானில் 1.78. துளையின் விளிம்பைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன், பிசிறு இல்லை. ரப்பர்த் துகள் நான்கைந்து வால்வுக்குள்ளேயே கிடந்தது. லைனைக் கழுவ வேண்டுமா?

இன்னொரு சந்தேகம். காரைக்குடிக் கடையில் நைட்ரைல் என்று கேட்டேன். 1.78 இல்லை, 2 மி.மீ. இருக்கிறது, 'கொஞ்சம்தானே சார் வித்தியாசம்' என்கிறார்.


கோவை_பவர்பேக்
திங்கள், இரவு 7.40

அந்தக் 'கொஞ்சம்தானே'யில்தான் எங்கள் பட்டறை பிழைக்கிறது.

ஓ-ரிங்கில் இரண்டு சாதி. அங்குல வரிசையில் கனம் 1.78, 2.62, 3.53, 5.33 என்று போகும். மெட்ரிக்கில் 2, 2.5, 3 என்று போகும். 2.62க்கு வெட்டிய பள்ளத்தில் 2.5 போட்டால் இன்று பிடிக்கும், ரப்பர் கொஞ்சம் களைத்ததும் விட்டுவிடும். 1.78 பள்ளத்தில் 2 போட்டால் இறுக்கம் அதிகமாகி, மறுபடி அதே கடிபடல். ஐயா கிட் அமெரிக்கக் கிட், எல்லாப் பள்ளமும் அங்குல வரிசைதான் இருக்கும். பட்டறையில் 1.78 நைட்ரைல் இருக்கிறது, உள்விட்டம் மட்டும் சொல்லுங்கள், கூரியரில் போடுகிறேன். ஒவ்வொன்றிலும் இரண்டு கூடுதலாக வைக்கிறேன்.

போடும் முன் அதில் ஒன்றை வெட்டி, ஒரு பாட்டிலில் உங்கள் சிவப்பு எண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போடுங்கள். பக்கத்தில் பழைய பிரேக் டப்பா வளையம் ஒன்றையும் இன்னொரு பாட்டிலில் போடுங்கள். கடைக்காரர் சொல்வதைவிட வெர்னியர் சொல்வது நம்பகம்.

லைனைக் கழுவுங்கள். ஏறும் லைன், இறங்கும் லைன் இரண்டையும் கழற்றி, அதே 5606 ஊற்றி வெள்ளைத் துணியில் வடியுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டாம். ஒரு துகள் செக் வால்வில் போய் உட்கார்ந்தால் இந்த இழையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.


புதுவயல்_மில்
திங்கள், இரவு 8.15

அக்கா, முகவரி கொடுங்கள். எனக்கும் அந்த வரிசை நான்கு வேண்டும். அப்புறம் சொல்கிறேன்.


பந்திஹால்_பைலட்
சனி, காலை 10.20

கூரியர் புதன்கிழமை வந்தது. சொன்னபடி ஊறப்போட்டேன். அக்கா அனுப்பியது இரண்டு நாளில் அப்படியே இருக்கிறது. பிரேக் வளையம் கண்ணுக்கே தெரிகிற அளவு பருத்துவிட்டது. ஆச்சி அதைப் பார்த்து, இரண்டு பாட்டிலையும் மாங்காய் அலமாரியிலிருந்து எடுக்கச் சொன்னார்கள்.

லைனைக் கழுவி, வால்வைப் பூட்டி, எட்டுத் தடவை ஏற்றி இறக்கினேன். முதல் இரண்டு தடவை பஞ்சாக இருந்தது, அப்புறம் கெட்டியாகிவிட்டது. இப்போது 1100 ஏறினால் நிற்கிறது. பத்து நிமிஷத்தில் 1060.

ஆனால் ஒன்று. நேற்று மத்தியானம் ஏற்றி நிறுத்தி, சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஹால் கதவையும் ஜன்னலையும் சாயங்காலம் திறந்து விட்டேன். ஆறரை மணிக்குப் பம்ப் ஒருமுறை 'உர்' என்றது. ராத்திரி ஒன்பதுக்கு இன்னொருமுறை. அதற்கப்புறம் தூங்கிவிட்டேன். இன்னும் ஏதாவது பாஸ் ஆகிறதா?


கோவை_பவர்பேக்
சனி, காலை 11.05

அது கசிவு இல்லை ஐயா, சாயங்காலம்.

எண்ணெய் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.07 சதவீதம் விரியும், சுருங்கும். அடைபட்ட எண்ணெய் ஒரு டிகிரி குளிர்ந்தாலே பிரஷர் 100 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறங்கிவிடும், குழாய் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால் துல்லியமாகச் சொல்ல முடியாது. இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்தால் 850ஐத் தொடும், பம்ப் ஒருமுறை சரிசெய்யும். மத்தியானம் இதுவே எதிர்ப்பக்கம் நடக்கும். வெயிலில் ஏற்றிய காலோடு நிறுத்திவைத்தால் பிரஷர் ஏறிக்கொண்டே போகும். வெப்ப ரிலீஃப் வால்வு இருப்பது அதற்காகத்தான். நம் ஊர் சித்திரை வெயிலில் அதன் திருகைத் தொடாதீர்கள்.

சந்தேகம் தீர வேண்டுமானால் ராத்திரி பன்னிரண்டுக்கு மேல், வெப்பம் மாறாத நேரத்தில், ஒரு மணி நேரம் பாருங்கள்.


ஹேங்கர்_தம்பி
சனி, பகல் 12.30

டம்ப் வால்வைத் திறந்தும் பார்த்தீர்களா? பிரித்துச் சேர்த்த பாகத்தை அது எதற்காக இருக்கிறதோ அந்த வேலையைச் செய்யவைத்துப் பார்க்காமல் முடித்ததாகக் கணக்கு வைக்கக் கூடாது. மூன்று கால்களும் இறங்கிப் பூட்டு விழுந்து, மூன்று பச்சை விளக்கும் வர வேண்டும். ஒரு எச்சரிக்கை: தரையில் முன் கால் அழகாக விழும். காற்றில் எதிர்க்காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும், அதற்கு எதிராகத் தள்ளத்தான் அந்தக் கேஸ் ஸ்டிரட். அது 1990களின் ஸ்டிரட் என்றால் வாயு போயிருக்கலாம். கையால் அழுத்திப் பாருங்கள், சுலபமாக உள்ளே போனால் மாற்றுங்கள்.

அப்புறம் லாக் புத்தகம் ஒன்று போடுங்கள் ஐயா. பள்ளிக்கூட நோட்டுப் போதும்.


பந்திஹால்_பைலட்
ஞாயிறு, காலை 7.00

ராத்திரி பன்னிரண்டரை முதல் ஒன்றரை வரை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். 1040இல் ஆரம்பித்து 1020. பம்ப் ஓடவில்லை.

டம்ப் வால்வைத் திறந்தேன். மூன்று பச்சை, ஏழு நொடி. முன் கால் கடைசி. மூன்று தடவை பார்த்துவிட்டுப் பிடியைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டேன். பேரன் வீடியோவில் கேட்டான், 'ஊருக்கு வா, ஒரே ஒரு தடவை' என்று சொல்லியிருக்கிறேன். கேஸ் ஸ்டிரட் ஒரு விரலில் உள்ளே போகிறது, புதுசு கேட்டு எழுதியாயிற்று. நோட்டும் வாங்கிவிட்டேன். முதல் வரி டம்ப் வால்வு.

செவ்வாய்க்கிழமை உருட்டி வண்டிக் கொட்டகைக்குக் கொண்டுபோகிறோம். தள்ள ஆள் வேண்டும். தேவகோட்டைத் தம்பி வருவதாகச் சொல்லியிருக்கிறான், பணியாரம் உண்டு. விண்ட கல்லை ஆச்சி நேற்றுப் பார்த்துவிட்டார்கள்.


புதுவயல்_மில்
ஞாயிறு, காலை 9.40

அண்ணே, செவ்வாய்க்கு மில்லிலிருந்து நான்கு பையன்களை அனுப்புகிறேன்.

கோவை அக்கா, நான் ஓ-ரிங் கேட்டதன் கதை இதுதான். மில்லில் மூட்டை தூக்கும் கை டிராலி, தூக்கி நிறுத்தினால் தானாக மெதுவாக இறங்குகிறது. வெளியே சொட்டு இல்லை. இழையைப் படித்தபின் விசாரித்தேன், போன மாதம் எங்கள் பையன் பிரேக் எண்ணெய் ஊற்றியிருக்கிறான்.


கோவை_பவர்பேக்
ஞாயிறு, காலை 10.10

ஓ-ரிங் அனுப்பியது அனுப்பியதாக இருக்கட்டும், இப்போது போடாதீர்கள். முதலில் எண்ணெய் முழுவதையும் வடித்து வெள்ளைத் தட்டில் ஊற்றிப் படம் போடுங்கள். மூட்டை இல்லாமல் பத்து நிமிஷத்தில் எவ்வளவு இறங்குகிறது, மூட்டையோடு எவ்வளவு? வடிக்கும் முன் ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள்.